பால் மட்டும்தான்

என் அண்ணன் ஏழுமலை வயிற்றில் கேன்சர் வந்து செத்துப்போனான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பது படிக்கிறவர்களுக்கு விளங்காது. வயிற்றால் போனதற்கு ஒரு ஆள் இப்படியா நடுங்குவான் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

அண்ணனுக்கும் முதலில் வயிறு உப்பியது. பிறகு உள்ளே கடமுடவென்று சத்தம் வந்தது. கேஸ் என்று அவனே முடிவுசெய்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனான். உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போய், எல்லா டெஸ்டும் முடிந்தபோது முற்றிவிட்டது என்றார்கள். கடைசியில் சோறு, கஞ்சி எதுவும் இறங்கவில்லை. எங்கள் அக்கா வசந்தா ஸ்பூனில் பால் விட்டுக்கொண்டிருந்தாள். நான் அவன் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வயிறு போட்ட சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சில வருஷம் கழித்து அதே சத்தம் என் வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஓரிடத்தில் இருக்கவும் எனக்கு வராது. புனேயில் ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நின்றிருக்கிறேன், ஒரிசாவில் ரோடு போட்டிருக்கிறேன். கடைசியாக போர்வெல் வண்டியோடு அஸ்ஸாம் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அங்கே எங்களுக்குக் கிடைத்த டீயில் பால் இருக்காது. சிவப்பாக, சர்க்கரை போட்டுத் தருவார்கள். வருஷக்கணக்காக அதைத்தான் குடித்தேன். இது ஒரு விஷயமா என்று அப்போது தோன்றவில்லை. பிறகுதான் விஷயமே அதுதான் என்று தெரிந்தது.

மழைக்காலத்தில் அங்கே ஏதோ தண்ணீரைக் குடித்துவிட்டு எங்கள் வண்டியில் எல்லோருக்கும் வயிற்றால் போனது. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். எனக்கு நின்று நின்று வந்தது. வேலை செய்யத் தெம்பில்லாமல் ரயிலேறி ஊர் வந்தேன். ஊர் என்றால் எனக்கு இப்போது அரியாங்குப்பத்தில் அக்கா வீடுதான். மாமா பாலத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கும் ஊருக்குமாக ஆள் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். அக்கா இரண்டு மாடு வைத்திருக்கிறாள். தெருவில் பாதி வீட்டுக்கு அவள் பால்தான். கோடி வீட்டில் ஒரு சொல்தா வீட்டம்மா இருக்கிறார். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்த அம்மா அக்காவின் பாலைத் தவிர வேறு பாலில் காபி குடிக்க மாட்டார். அக்காவுக்கு அதில் பெருமை.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னாடா இது, கொடிக்கம்பியில சட்டைய மாட்டினா மாதிரி வந்து நிக்கிற?"

"வயிறு சரியில்லக்கா."

அவள் முகம் மாறியது. எங்கள் வீட்டில் வயிறு என்ற சொல்லை அண்ணனுக்குப் பிறகு யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. அவள் உள்ளே போய், கறந்து சூடாறாத பாலைக் காய்ச்சி, சொம்பு நிறையக் கொண்டுவந்தாள்.

"குடி. உள்ள புண்ணு இருந்தா பாலு ஆத்திப்புடும்."

குடித்தேன். கொஞ்ச நேரத்தில் வயிறு இரைந்தது. இரைச்சலுக்குப் பிறகு இழுத்துப் பிடித்தது. பிறகு ஓடினேன். திரும்பி வந்தபோது அக்கா, "பாத்தியா, எவ்ளோ வீக்கா இருக்கிற" என்று இன்னொரு டம்ளர் வைத்திருந்தாள்.

சோறு சாப்பிடப் பயமாக இருந்தது. காரம் பட்டால் புண் பெரிதாகும் என்று மாமா சொன்னார். மீனை நிறுத்தினேன், குழம்பை நிறுத்தினேன். கடைசியில் சோற்றையே நிறுத்தினேன். பால், பால் ஊற்றிய பன், பால் விட்ட ஓட்ஸ், பால் டீ. பிறகு பன்னும் ஓட்ஸும்கூட இறங்காமல் வெறும் பால். வயிறு எவ்வளவு மோசமானதோ அவ்வளவு பால் ஏறியது. அக்கா மாலையில் சொல்தா வீட்டுக்குக் குறைத்துக்கூட எனக்கு ஊற்றினாள். நான் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்த்தால் அண்ணன் தெரிந்தான்.

ஒரு நாள் மாமாவின் டெம்போவிலேயே மயங்கிச் சரிந்தேன். பயணிகளை வழியில் இறக்கிவிட்டு, டெம்போவை நேராகக் கோரிமேட்டுக்கு விட்டார். எனக்கு நினைவு திரும்பியபோது கையில் ஊசி இருந்தது, குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கூரையில் மின்விசிறி. அண்ணனைப் படுக்க வைத்திருந்தது வேறு மாடி. ஆனால் அதே பினாயில் வாடை, அதே பச்சைத் திரை. எழுந்து ஓடிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

ஒரு இளம் டாக்டரம்மா வந்து கேள்வி கேட்டார். ரத்தம் போகிறதா, வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். வீட்டில் யாருக்காவது வயிற்றில் வியாதி உண்டா என்றார். சொன்னேன். அவர் பேனா ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தை நான் பார்த்துவிட்டேன்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் சாப்பிடறதில்லிங்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"சோத்தையே தொடறதில்ல டாக்டர். சாப்பிடாமலே போகுது."

அதைக் கேட்டு அவர் முகம் இறுகியது. பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் என் கால்மாட்டில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் மெதுவாகப் பேசுகிற ஆங்கிலம் எதைப் பற்றியது என்று எல்லா நோயாளிக்கும் தெரியும்.

முதலில் வாய் வழியாக எதுவும் வேண்டாம் என்று குளுக்கோஸும் மருந்தும் மட்டும் ஏற்றினார்கள். வயிறு அமைதியானது. மருந்து வேலை செய்கிறது என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். பிறகு லேசாகச் சாப்பிடலாம் என்றார்கள். காலையில் வார்டுக்கு ரொட்டியும் பாலும் வரும். ரொட்டியை நான் தொடவில்லை. பாலைக் குடித்தேன். அக்கா பிளாஸ்கில் வேறு அனுப்புவாள், மாமா முதல் நடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். பக்கத்துக் கட்டிலில் காதர் பாய் என்று ஒரு தையல்காரர், கல்லீரல் வீக்கத்துக்கு வந்து படுத்திருந்தார். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவர். வாய் ஓயாது.

"தம்பி, என் பாலையும் நீயே குடி. உன்னப் பாத்தா எனக்கு இஞ்ச் டேப்பை எடுக்கவே மனசு வரல. எங்க வைச்சு அளக்கிறது?"

"உங்களுக்கு வேணாமா பாய்?"

"எனக்கு இங்க குடுக்கிற பாலும் ஒண்ணு, தண்ணியும் ஒண்ணு. குடி குடி. சின்ன வயசு."

அவர் பாலும் எனக்கு வந்தது. வயிறு மறுபடி கலங்கியது. இம்முறை முன்பைவிட மோசம். மருந்தும் கேட்கவில்லை என்றால் பிறகென்ன, அதுதான் என்று முடிவுசெய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு டெஸ்டுகள். ரத்தம் எடுத்தார்கள், மலம் எடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் அறை வாசலில் சக்கர நாற்காலியில் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் விடிவதற்கு முன்னே பஸ் ஏறி வந்தவர்கள், ஒயர் கூடையில் எக்ஸ்ரே கவரைச் செருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் என்ன வியாதி என்று கேட்கவில்லை. உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் முகத்தையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்கும் முதல் ஸ்கேனில் சரியாகத் தெரியவில்லை. அதனால் எனக்கு நிம்மதி வரவில்லை.

எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த ஒரு மெல்லிய குழாய். வாய் வழியாக விட்டு, இரைப்பையையும் சிறுகுடலின் ஆரம்பத்தையும் உள்ளேயே போய்ப் பார்ப்பது. முந்தின ராத்திரிக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சிஸ்டர் இரண்டு தடவை சொன்னார்.

அன்று விடிந்ததும் அக்கா தானே வந்துவிட்டாள். கையில் பிளாஸ்க்.

"வெறும் வயித்துல வரச் சொல்லிக்கிறாங்கக்கா."

"சோறு துண்ணாதன்னு சொல்லியிருப்பாங்க. இது பாலுடா. வீராம்பட்டினம் தேருக்கு நான் விரதம் இருக்கும்போது என்னா குடிச்சிட்டு இருக்கேன்? பாலு குடிச்சா விரதம் முறியுமா?"

அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் யார் விரதம் இருந்தாலும் பாலும் பழமும் உண்டு. அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. அம்மனே ஒப்புக்கொள்வதை ஆஸ்பத்திரியா ஒப்புக்கொள்ளாது? குழாயைத் தாங்கத் தெம்பு வேண்டும் என்று டம்ளரை முழுசாகக் குடித்தேன்.

எண்டோஸ்கோபி அறை வாசலில் கேட்டார்கள், ஒன்றும் சாப்பிடவில்லையே என்று. இல்லை என்றேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் துளியும் இல்லை. தொண்டையில் கசப்பாக ஏதோ அடித்தார்கள். நாக்கும் தொண்டையும் என்னுடையதில்லை என்பது போல மரத்துப்போனது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்தார்கள். குழாய் உள்ளே இறங்கியது. வலியில்லை. ஆனால் மூச்சு முட்டுகிற மாதிரி, உள்ளேயிருந்து யாரோ குமட்ட வைக்கிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அண்ணனும் இதே மாதிரி வளையத்தைக் கடித்துக்கொண்டுதானே படுத்திருப்பான் என்று நினைத்தேன்.

"எடுங்க, எடுங்க! உள்ள எல்லாம் திரிதிரியா பால்!"

குழாயைச் சரசரவென்று வெளியே இழுத்தார்கள். என்னைக் குப்புறச் சாய்த்து வாயைத் துடைத்தார்கள். டாக்டரம்மா முன்னால் வந்து குனிந்தார்.

"குமட்டும்போது அந்தப் பால் மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? உயிரே போயிருக்கும். ஒண்ணும் சாப்பிடலேன்னு சொன்னீங்களே!"

மரத்த நாக்கோடு சொன்னேன். "சாப்பிடலிங்க டாக்டர். பால் மட்டும்தான்."

அவர் இன்னும் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. பிறகு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இருங்க. அன்னைக்கு என்கிட்ட ஒண்ணுமே சாப்பிடறதில்லன்னு சொன்னீங்களே. அப்பவும் பால் குடிச்சிட்டுத்தான் இருந்தீங்களா?"

"பால் குடிக்காம எப்படிங்க?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

அக்கா பிளாஸ்க், வார்டு பால், காதர் பாய் பால், சாயங்காலம் மறுபடி அக்கா. சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வயிற்றால் போவதில் இரண்டு வகை உண்டாம். வயிற்றுக்குள் போகிற ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போவது ஒன்று. அதை நிறுத்தினால் போக்கும் நின்றுவிடும். இன்னொன்று, உள்ளே எதுவும் போகாவிட்டாலும் குடல் தானாகவே தண்ணீரைக் கொட்டுவது. அது பெரிய வியாதிகளின் அடையாளமாக இருக்கலாம். சாப்பிடாமலே போகிறது என்று நான் சொன்னேன். அவர்கள் இரண்டாவது வகை என்று தேட ஆரம்பித்தார்கள். ஒரு டம்ளர் விடாமல் குடித்துக்கொண்டே, நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்க நம் சிறுகுடலின் உள்தோலில் லாக்டேஸ் என்ற ஒன்று சுரக்கிறது. கைக்குழந்தைக்கு அது நிறைய இருக்கும். வளர வளர நம் ஜனங்களில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். குறைந்தவர்கள் நிறையப் பால் குடித்தால் அந்தச் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கிற கிருமிகள் அதைத் தின்று புளிக்க வைக்கும். அதனால்தான் காற்றும் உப்பலும் இரைச்சலும். செரிக்காத சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், அதனால்தான் போக்கு. எனக்கு அது முன்பே குறைந்திருக்கலாம், சிவப்பு டீயிலேயே இருந்ததால் தெரியாமல் போயிருக்கலாம். அஸ்ஸாம் தண்ணீர் குடலின் உள்தோலையும் அரித்துவிட்டிருக்கலாம். எது எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார்.

"இது அலர்ஜியும் இல்ல. ஆளைக் கொல்ற வியாதியும் இல்ல. ஆனா எண்டோஸ்கோபி முழுசா பாத்தாதான் மத்ததை எல்லாம் இல்லன்னு சொல்ல முடியும். அதுவரைக்கும் ஒரு சொட்டு பால் கூடாது."

எனக்கு ஆறுதல் வரவில்லை. அண்ணனிடமும் முதலில் எல்லோரும் நல்லதாகத்தான் பேசினார்கள்.

வார்டில் காதர் பாய் இரண்டு டம்ளர்களையும் பார்த்தார். "இப்ப ரெண்டையும் நான் என்னா பண்றது? குளிக்கிறதா?"

"பால்தான் பாய் என் வயித்தைக் கெடுத்துச்சாம்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான் குடுத்ததுகூடவா தம்பி?" என்றார். அன்று முழுவதும் அவர் வாய் திறக்கவே இல்லை.

இரண்டாவது முறை நிஜமாகவே வெறும் வயிற்றோடு போனேன். முழுதாகப் பார்த்தார்கள். இரைப்பையில் ஒரு இடம் லேசாகச் சிவந்திருக்கிறது, கொஞ்சம் சதை எடுத்திருக்கிறோம், ரிசல்ட் வரட்டும், பயப்பட வேண்டாம் என்றார்கள். எடுத்த சதையை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் பயாப்சி. அந்தச் சொல்லை நான் முதலில் கற்றது அண்ணன் கட்டிலருகேதான்.

பால் இல்லாமல் கஞ்சியும் இட்லியும் கொடுத்தார்கள். போக்கு நின்றது. வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகிச்சைக்கு என்று பெரிதாக ஒன்றும் செலவாகவில்லை. மாமாவுக்குத்தான் பல நாள் ஓட்டம் கெட்டது. அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என் மாட்டுப் பாலா? தெருவே குடிக்குதுடா. சொல்தா வீட்டம்மா இந்த வயசுல கல்லாட்டம் இருக்கிறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆவல!"

"பால்ல தப்பு இல்லக்கா. என் குடலுக்கு அது செரிக்கல."

"நான் என்னமோ வெசத்தை ஊத்தினா மாதிரி சொல்லியிருக்கிறாங்களா?"

"அப்படி யாரும் சொல்லலக்கா."

அவள் தவிட்டுக் கையை வாளி விளிம்பில் வழித்தாள். பிறகு குரல் இறங்கிக் கேட்டாள். "பெரியவனுக்கும் நான்தானேடா ஊத்தினேன்."

பெரியவன் என்று அவள் சொன்னது அண்ணனை. அந்த நிமிஷத்திலிருந்து பயம் இரண்டு பேருக்கும் ஆனது. எனக்கும் அதே வியாதி என்றால், அண்ணனுக்குப் பாலால் ஒன்றும் ஆகவில்லை. என்னைக் கெடுத்தது பால்தான் என்றால், அவளுக்கு அவள் கையே எதிரி. இரண்டில் எது என்று ரிசல்ட் வரும்வரை தெரியாது. அவள் மாட்டைக் கறந்தாள், ஊற்றினாள், வந்தாள். என்னிடம் பேசவில்லை.

ரிசல்ட் அன்று அவளும் வந்தாள். வெளிநோயாளிகள் கூடத்தில் ஒரே கூட்டம். பெயர் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு கட்டத்தில் விடவே இல்லை. உள்ளே போனதும் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கேன்சர் இல்ல. சின்ன அழற்சிதான். மாத்திரையில சரியாயிடும்."

அக்காதான் மேசையில் கையூன்றிக்கொண்டு கேட்டாள்.

"டாக்டரம்மா, எங்க பெரியவனுக்கும் கடைசில நான் பாலுதான் ஊத்தினேன். அதுனாலதான்..."

"இல்லம்மா. அவருக்கு வந்தது கட்டி. பாலால அது வராது. வேற எதுவும் இறங்காதபோது நீங்க அவர் தொண்டையை நனைச்சீங்க. அவ்ளோதான்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் நான் நம்பவில்லை. சதை எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்தால்? வேறு யாருடைய சதையாவது என் பெயரில் வந்திருந்தால்? இதையெல்லாம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பால் சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்து, மூச்சை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதாம். ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல டெஸ்ட் வீட்டிலேயே இருக்கிறது என்றார்.

"ரெண்டு வாரம் பால் சுத்தமா வேணாம். நல்லா சாப்பிடுங்க, உடம்பு தேறட்டும். அப்புறம் ஒரு நாள் வெறும் வயித்துல ஒரு பெரிய டம்ளர் பால் குடிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் நீங்களே எனக்குச் சொல்லுங்க."

அந்த நாளைச் சொல்வதற்கு முன், இப்போது நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும். பால், பால்கோவா, பாயசம், ஐஸ்கிரீம் எனக்கு ஆகாது. தயிரும் மோரும் ஓரளவு ஆகும், உறை ஊற்றும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைக் கிருமிகள் தின்றுவிடுகின்றன. நெய்யில் அது அநேகமாக இல்லை. டீயில் ஒரு சொட்டுப் பால் விட்டால் ஒன்றும் ஆவதில்லை, அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பது நல்லது. ஒவ்வொருவர் அளவு ஒவ்வொரு மாதிரி, தானேதான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சில பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் பால் பவுடர் இருக்கும், கவரைப் படிக்க வேண்டும். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பாலிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. கேழ்வரகு, எள், முருங்கைக் கீரை, முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் நான் சொல்கிறேன் என்று யாரும் தாங்களாகவே முடிவுசெய்ய வேண்டாம். உடம்பு இறங்கினாலோ ரத்தம் போனாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். டாக்டர் கேட்டால் வாயில் போனது எல்லாவற்றையும் சொல்லுங்கள். குடித்ததையும் சொல்லுங்கள்.

அந்த இரண்டு வாரமும் நெத்திலிக் குழம்பும் சோறுமாகத் தின்றேன். வயிறு சத்தமே போடவில்லை. கன்னத்தில் சதை வந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும், இது மாத்திரையால் அடங்கியிருக்கிறது, மறுபடி வரும் என்றுதான் மனசு சொன்னது.

அன்று காலை கறந்து முடித்ததும் அக்கா பால் காய்ச்சினாள். மாமா முதல் நடையைப் போகவில்லை, வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா டம்ளரை நீட்டினாள்.

"வேணாண்டா. நல்லாத்தானே இருக்கிற. எதுக்கு இது?"

"தெரிஞ்சுக்கணும்க்கா."

குடித்தேன். நல்ல பால், மணமாக இருந்தது. மூன்று பேரும் காத்திருந்தோம்.

ஒன்றும் ஆகவில்லை. மாமா வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். மாடு தலையாட்டியது. பால் வாங்க வந்தவர்களுக்கு அக்கா ஊற்றி அனுப்பினாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. பால் இல்லை என்றால் அப்போது வேறு எது? அண்ணன் முகம் வந்தது. வயிற்றில் கையை வைத்து அழுத்தினேன். இத்தனை நாள் எந்தச் சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்தினேனோ, அந்தச் சத்தம் வந்துவிட வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். வயிறு வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவன் அன்றைக்கு அரியாங்குப்பத்தில் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

"வலிக்குதா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"இல்லக்கா."

அவள் என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். மாமா எழுந்து டெம்போ பக்கம் போனார். சாவியைப் போடாமல் திரும்பி வந்தார்.

அப்போது, இடது பக்கத்தில், தூரத்தில் லாரி வருவது போல ஒரு உருட்டல். நின்றது. மறுபடி உருண்டது. இம்முறை நீளமாக.

"அக்கா, கேக்குதா?"

அவள் சட்டையை விலக்கி வயிற்றில் காதை வைத்தாள். அண்ணன் வயிற்றிலும் இப்படித்தான் காது வைத்துப் பார்த்திருக்கிறாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு அடிவயிறு முறுக்கிப் பிடித்தது. சுரீரென்று ஒரு வலி.

"வலிக்குதுக்கா! நல்லா வலிக்குது!"

எழுந்து கொல்லைப்புறம் ஓடினேன். கக்கூஸ் கதவைச் சாத்தியதும் மாமா வெளியில் நின்று கத்தினார்.

"போவுதாடா?"

"போவுது மாமா!"

"நெசமா?"

"தண்ணியா போவுது மாமா!"

அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அக்கா, மாரியாத்தா, மாரியாத்தா என்று அழுதுகொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நானும் அழுதேன். அண்ணன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.